கலைக்கு வரிப்பணம்: மக்கள் எதிர்க்கிறார்களா, அவர்களை யாரும் கேட்கவே இல்லையா?

பழையவாசகர்

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கலைக்கு அரசு பணம் ஒதுக்கியது என்று எந்த நாட்டிலிருந்து செய்தி வந்தாலும் கீழே தவறாமல் ஒரு கருத்து வந்துவிடும்: "ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை, இவர்கள் ஆடிப் பாடப் பணமா?" இதை எழுதுகிறவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. வரி கட்டுகிற வலி தெரிந்தவர்கள். அதனால் அந்தக் கேள்வியை ஒதுக்கித் தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதை வைத்து 'மக்களுக்குக் கலைமேல் அக்கறை இல்லை' என்று முடிவு கட்டுகிறார்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. மக்களிடம் நேராகப் போய்க் கேட்ட இடங்கள் உண்டு. அங்கே கிடைத்த பதில் வேறு.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம், 1967. அங்குள்ள கலை அருங்காட்சியகத்தில் பிக்காசோவின் இரண்டு ஓவியங்கள் நெடுநாளாக இரவலாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்று 1906-இல் வரைந்த இரு சகோதரர்கள், இன்னொன்று 1923-இல் வரைந்த, உட்கார்ந்திருக்கும் கோமாளி. இரண்டும் ஒரு குடும்ப அறக்கட்டளைக்குச் சொந்தம். அந்த ஆண்டு ஏப்ரலில் சைப்ரஸில் ஒரு விமானம் விழுந்து 126 பேர் இறந்தார்கள். அந்த விமான நிறுவனத்தில் பெரிய பங்கு வைத்திருந்தவர் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பண நெருக்கடி வந்தது, ஓவியங்கள் விற்பனைக்கு வந்தன.

விலை 84 லட்சம் ஃபிராங்க். மாநிலப் பேரவை 60 லட்சம் தர ஒப்புக்கொண்டது. மீதி 24 லட்சத்தை வெளியே திரட்ட வேண்டும். உடனே எதிர்ப்பு கிளம்பியது. எதிர்த்தவர்கள் கையெழுத்து திரட்டி, மக்கள் வாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். ஊர் என்ன செய்தது தெரியுமா? 'பிச்சைக்காரர் விழா' என்று பெயர் வைத்துத் தெருவில் இறங்கி உண்டியல் குலுக்கியது. டிசம்பரில் வாக்கெடுப்பு. வேண்டும் என்றவர்கள் 32,118 பேர், வேண்டாம் என்றவர்கள் 27,190 பேர். அந்த மாநிலத்தில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தே ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது. ஓவியம் வாங்கலாமா வேண்டாமா என்பது அவர்கள் போட்ட முதல் வாக்குகளில் ஒன்று.

பிக்காசோவுக்கு அப்போது 86 வயது. செய்தி கேட்டு நெகிழ்ந்துபோய் அந்த ஊருக்கு இன்னும் நான்கு படைப்புகளைச் சும்மாவே கொடுத்தார்.

என் கேள்வி இதுதான். மக்கள் எதிர்ப்பது கலையையா, தங்களைக் கேட்காமல் யாரோ முடிவெடுப்பதையா?

கணக்குப்பிள்ளை

ஐயா, கதை நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 27,190 பேரை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். அவர்களும்தானே வரி கட்டினார்கள்?

நான் கணக்குத் தணிக்கைத் தொழிலில் இருக்கிறவன். கலைக்கு எதிரி இல்லை, பாட்டுக் கேட்காமல் எனக்குத் தூக்கம் வராது. என் ஆட்சேபணை வேறு. மானியம் வாங்கும் பெரிய அரங்குகளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் படித்தவர்கள், வசதி உள்ளவர்கள். அந்த நாற்காலியின் விலையில் பாதியைக் கட்டுகிறவர் அந்த வாசலையே மிதித்திருக்க மாட்டார். ஏழையிடம் வாங்கிப் பணக்காரரின் மாலைப்பொழுதுக்குக் கொடுப்பது நியாயமா? இதற்கு யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை, 'கலை ஆன்மாவுக்கு உணவு' என்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

அடுத்தது, அளவு. நெதர்லாந்தில் 1949-லிருந்து 1987 வரை ஒரு திட்டம் இருந்தது. வருமானம் இல்லாத ஓவியர், சிற்பிகளிடமிருந்து அரசாங்கம் படைப்புகளை வாங்கிக்கொண்டு பணம் கொடுத்தது. நல்ல எண்ணம்தான். விளைவு, லட்சக்கணக்கான படைப்புகள் கிடங்கில் குவிந்தன. மாட்ட இடமில்லை, பார்க்க ஆளில்லை. கடைசியில் திட்டத்தை மூடிவிட்டு, பலவற்றை வரைந்தவர்களிடமே திருப்பிக் கொடுக்கப் பார்த்தார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

தூரிகை

கிடங்கு என்று சொன்னதும் எனக்கு வேறொரு கிடங்கு ஞாபகம் வருகிறது, கணக்குப்பிள்ளை சார்.

அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி. ஓவியர்களும் வேலையில்லாதவர்கள்தானே என்று 1935-இல் அரசாங்கம் ஒரு திட்டம் தொடங்கியது. ரோடு போடுகிறவருக்கு வாரக்கூலி மாதிரி ஓவியருக்கும் வாரக்கூலி. பள்ளிக்கூடச் சுவர், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் படம். எட்டு ஆண்டுகள் நடந்தது. போர் வந்ததும் 1943-இல் மூடினார்கள். நியூயார்க்கில் கிடங்கில் கிடந்த கேன்வாஸ்களைக் கட்டுக்கட்டாக எடைக்குப் போட்டார்கள். ஆம், பழைய பேப்பர் போடுவதுபோல. தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றிக் கட்ட உதவும் என்றுதான் அதை வாங்கினார்கள். குழாய் சூடானதும் பெயின்ட் நாற்றம் அடிக்கிறது என்று அதுவும் வேண்டாமென்று ஆகி, பழைய சாமான் கடைக்குப் போனது.

அந்தக் கூலிப் பட்டியலில் இருந்தவர்கள் யார்? பிறகு உலகப் புகழ்பெற்ற ஓவியர்களான ஜாக்சன் போலக், மார்க் ராத்கோ, லீ கிராஸ்னர். பட்டினி கிடக்காமல் அந்த வருடங்களில் அவர்கள் கையில் தூரிகை இருந்தது என்றால் அந்த வாரக்கூலிதான் காரணம். பின்னாளில், 1973-இல், ஆஸ்திரேலிய அரசாங்கம் போலக்கின் ஒரே ஓவியத்தை 13 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்கியது. அப்போது அங்கே எழுந்த கூச்சல் கொஞ்சநஞ்சமல்ல. 2016-இல் அதே படத்தின் காப்பீட்டு மதிப்பு 35 கோடி டாலர்.

அளந்து போடச் சொல்கிறீர்கள். எடைத்தராசு வைத்து அளந்த இடத்தில் என்ன நடந்தது என்று பார்த்தீர்களா?

கணக்குப்பிள்ளை

தூரிகை, மூன்று பெயர் சொல்கிறீர்கள். அந்தத் திட்டத்தில் சம்பளம் வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில். பரிசு விழுந்த சீட்டை மட்டும் காட்டினால் லாட்டரி எல்லாருக்கும் லாபமாகத்தான் தெரியும். தவிர, காப்பீட்டு மதிப்பை வைத்துக் கலையை நியாயப்படுத்தினால் நாளைக்கு விலை இறங்கும்போது என்ன சொல்வீர்கள்?

தூரிகை

கடைசி வரி சரி. அது பலவீனமான வாதம்தான், திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆயிரம் பேர் வீண் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர்கள் வரைந்த சுவரோவியங்கள் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல். அதைப் பார்த்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகளை யார் எண்ணினார்கள்?

ஒளிக்காரன்

எல்லாரும் ஓவியம் ஓவியம்னே பேசுறீங்க. ஓவியம் வரைஞ்சு வச்சா நூறு வருஷம் நிக்கும். எங்க வேலை அன்னைக்கு ராத்திரியோட போச்சு.

நான் 22 வருஷமா நாடகக் குழுவுல லைட் போடுறவன். ஒரே ஒரு காட்சியைச் சொல்றேன். கிழவி சாகுற காட்சி. வசனம் கிடையாது. அவங்க நாற்காலியில சாஞ்சிருப்பாங்க, நான் டிம்மரை இறக்கணும். நாற்பது விநாடி. வேகமா இறக்கினா கரண்டு போன மாதிரி இருக்கும். மெதுவா இறக்கினா ஜனங்க இருமத் தொடங்கிடுவாங்க. விரல் நுனியில அந்தக் கட்டையைப் பிடிச்சுக்கிட்டு, அந்த அம்மாவோட நெஞ்சு ஏறி இறங்குறதைப் பார்த்துப் பார்த்து இறக்குவேன். கடைசி மூச்சுக்கும் கடைசி வெளிச்சத்துக்கும் நடுவுல இருக்கிற அந்த அரை விநாடியைக் கண்டுபிடிக்க எங்களுக்குப் பதினோரு ஒத்திகை ஆச்சு. பார்க்குறவங்களுக்கு அது தெரியாது, தெரியவும் கூடாது.

அந்தப் பதினோரு ஒத்திகைக்கு யார் காசு குடுக்கிறது? டிக்கெட் விக்கிறது நாடகத்துக்கு. ஒத்திகைக்கு டிக்கெட் கிடையாது. மானியம்னா நடிகர் கார் வாங்குறார்னு நினைச்சுக்கிறாங்க. எங்களுக்கு வந்த வருஷம் அது எதுக்குப் போச்சுன்னா, ஹால் வாடகை, செட்டுக்குப் பலகை, ஒயர், வண்டிக்கூலி. கைக்கு வந்தது சொற்பம். ஆனா அந்த ஒரு வருஷம்தான் யாரும் ஒத்திகையைப் பாதியில விட்டுட்டு வேற வேலைக்கு ஓடலை.

மழைத்துளி

ஒளிக்காரன் அண்ணா, நீங்கள் சொன்னதைப் பொருளாதாரத்தில் ஒரு பெரிய விஷயமாகவே பேசியிருக்கிறார்கள். வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்று இரண்டு பொருளாதார நிபுணர்கள், 1966. சாரம் மிக எளிது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சட்டை தைக்கப் பிடித்த நேரம் இன்று பிடிப்பதில்லை, இயந்திரம் வந்துவிட்டது. ஆனால் நால்வர் சேர்ந்து வாசிக்கும் ஓர் இசைத்துணுக்கு அன்று அரைமணி நேரம் என்றால் இன்றும் அரைமணி நேரம்தான், இன்றும் நால்வர்தான். ஒருவரைக் குறைக்க முடியாது, இரண்டு மடங்கு வேகமாக வாசித்து மிச்சம் பிடிக்கவும் முடியாது. மற்ற தொழில்களில் உற்பத்தி பெருகிச் சம்பளம் ஏறும்போது இவர்களுக்கும் ஏற வேண்டும், இல்லையென்றால் வாசிக்க ஆள் இருக்கமாட்டார்கள். ஆக, நிகழ்த்துகலையின் செலவு காலத்துக்கும் ஏறிக்கொண்டேதான் இருக்கும். இதில் ஊதாரித்தனம் ஒன்றும் இல்லை. அந்தக் கலையின் இயல்பே அது.

பள்ளிக்கூடமும் செவிலியர் வேலையும் இதே ரகம். அங்கெல்லாம் 'லாபம் வரவில்லை, மூடு' என்று யாரும் சொல்வதில்லை.

கணக்குப்பிள்ளை

மழைத்துளி, இது நல்ல பதில். செலவு ஏன் ஏறுகிறது என்று புரிகிறது. யார் கட்டவேண்டும் என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

வகுப்பறை

நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. 'அந்த வாசலை மிதிக்காதவர்' என்று கணக்குப்பிள்ளை ஐயா எழுதியது என்னைச் சுட்டது. உண்மைதான். ஆனால் ஏன் மிதிக்கவில்லை என்று யாராவது கேட்கவேண்டாமா?

ஒருமுறை பிள்ளைகளை ஓர் ஓவியக் கூடத்துக்கு அழைத்துப் போனேன். முப்பத்தாறு பிள்ளைகள், பாதிப்பேர் தரையின் பளபளப்பைப் பார்த்தே மிரண்டுவிட்டார்கள். ஒரு பையன் மட்டும் ஒரு படத்தின் முன்னால் நின்றவன் நகரவில்லை. கடலும் படகும். பெரிய பெயர் பெற்ற படம்கூட இல்லை. கிட்டப் போய், 'என்னடா பார்க்கிறே?' என்றேன். 'மிஸ், முடி' என்றான். குனிந்து பார்த்தேன். அலையின் வெள்ளையில், காய்ந்த வண்ணத்துக்குள், தூரிகையிலிருந்து உதிர்ந்த ஒற்றை மயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. 'இதை வரைஞ்சவங்க இங்கதான மிஸ் நின்னிருப்பாங்க, நான் நிக்கிற தூரத்துல?' என்று கேட்டான். புத்தகத்தில் எத்தனை படம் காட்டியிருக்கிறேன், அச்சில் அந்த மயிர் தெரியாது. அன்றைக்கு அவனுக்குத் தெரிந்தது, படம் என்பது ஒரு மனிதர் கையால் செய்த வேலை என்று.

அங்கே நுழைவு இலவசம். கட்டணம் இருந்திருந்தால் அவன் வந்திருக்கமாட்டான், அவன் வீட்டில் கேட்கவே துணிந்திருக்கமாட்டான். பிரிட்டனில் 2001 டிசம்பரில் தேசிய அருங்காட்சியகங்களின் நுழைவுக் கட்டணத்தை எடுத்ததும் அதுவரை கட்டணம் வாங்கிக்கொண்டிருந்த இடங்களில் கூட்டம் மளமளவென்று ஏறியது. ஏழையின் பணத்தில் பணக்காரர் பார்க்கிறார் என்பது குற்றச்சாட்டு என்றால், மானியத்தை நிறுத்தினால் அது தீருமா? அப்போது பணக்காரர் மட்டும்தான் பார்ப்பார். கதவைத் திறந்து வைப்பதுதான் வழி என்று எனக்குப் படுகிறது.

நடைபாதை

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மறுபக்கத்திலிருந்து ஒன்று சொல்லவேண்டும்.

1981-இல் நியூயார்க்கில் அரசு அலுவலகங்கள் இருக்கும் ஃபெடரல் பிளாசா முற்றத்தில் ரிச்சர்ட் செர்ரா என்ற பெரிய சிற்பி ஓர் எஃகுச் சுவரை நிறுவினார். 120 அடி நீளம், 12 அடி உயரம், கொஞ்சம் சாய்ந்து வளைந்தது, துருவேறும் எஃகு. கட்டடச் செலவில் இத்தனை சதவீதம் கலைக்கு என்ற அரசுத் திட்டத்தில் வந்தது. நிபுணர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே தினமும் வேலைக்கு வருகிறவர்களை யாரும் கேட்கவில்லை. முற்றத்தைக் குறுக்கே கடந்து போனவர்கள் இப்போது சுவரைச் சுற்றிப் போகவேண்டும். மதியம் வெயிலில் உட்கார்ந்த இடம் போயிற்று. எடுக்கச் சொல்லி 1,300 பேர் கையெழுத்துப் போட்டார்கள். 1989-இல் ஓர் இரவில் அதை வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள்.

கலை தெரியாத கூட்டம் என்று அவர்களைப் பலர் எழுதினார்கள். அது எனக்குக் கோபம் வரவைக்கிறது. நான் வேலை பார்க்கும் கட்டட வாசலிலும் ஒருநாள் திடீரென்று ஒரு சிற்பம் முளைத்தது. பெயர்ப்பலகை இல்லை, யார் செய்தது, ஏன் இங்கே என்று ஒரு வார்த்தை கிடையாது. மழைக்கு ஒதுங்கும் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. நான் சங்கீதம் கற்றவள், கலை எனக்குப் பகை இல்லை. ஆனால் தினமும் அதைச் சுற்றி நடக்கும்போது 'உன்னைப் பற்றி நாங்கள் யோசிக்கவில்லை' என்று அது சொல்வதுபோல் இருக்கிறது.

தூரிகை

நடைபாதை, அந்த வலி புரிகிறது. ஆனால் அந்தக் கதையில் ஒரு பகுதி விட்டுப்போயிற்று. 1985-இல் பொது விசாரணை நடந்தது. சிற்பம் இருக்கட்டும் என்று பேசியவர்கள் 122 பேர், எடுக்கச் சொன்னவர்கள் 58 பேர். அப்படியும் குழு நாலுக்கு ஒன்று என்று எடுக்கத் தீர்ப்புச் சொன்னது. தவிர, அந்த இடத்துக்கென்றே அளந்து செய்த வேலை அது, வேறு இடத்துக்கு மாற்றினால் அழித்த மாதிரிதான் என்று செர்ரா கடைசிவரை மன்றாடினார்.

எல்லாவற்றையும் வாக்குக்கு விட்டால் புதியது எதுவும் பிறக்காது என்பது என் பயம். சிட்னி ஆப்பெரா ஹவுஸ் 70 லட்சம் டாலரில் முடியும் என்று தொடங்கி 10 கோடியே 20 லட்சத்தில் முடிந்தது. நடுவில் ஒரு வாக்கெடுப்பு வைத்திருந்தால் நின்றே போயிருக்கும். சண்டையில் மனம் கசந்து 1966-இல் வெளியேறிய சிற்பக்கலைஞர் யோர்ன் உட்சோன், 1973-இல் திறந்த அந்தக் கட்டடத்தை வாழ்நாளில் பார்க்கவே இல்லை. இன்று அது இல்லாமல் அந்த நகரத்தை யாராலாவது நினைக்க முடியுமா?

(திருத்தம்: உட்சோன் கட்டடக்கலைஞர். அவசரத்தில் தட்டிவிட்டேன்.)

நடைபாதை

சிட்னியில் அந்தப் பணத்தின் பெரும்பகுதி அதற்கென்றே நடத்திய லாட்டரியில் வந்தது, தூரிகை. மக்கள் இஷ்டப்பட்டு வாங்கிய சீட்டு. அதுவும் ஒருவகையில் கேட்டு வாங்கியதுதான்.

விசாரணையில் பேச வந்தவர்களில் ஓவியரும் விமர்சகரும் எத்தனை, அந்த முற்றத்தில் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கிறவர் எத்தனை என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

நெறியாளர்

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். கருத்தோடு மோதுங்கள், ஆளோடு வேண்டாம். இழை நன்றாகப் போகிறது, தொடருங்கள்.

பழையவாசகர்

கேட்காமல் வைத்த இடத்தில் பகை வந்தது என்பதை நடைபாதை அம்மா என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டார். கேட்ட இடத்துக்கு இன்னொரு சாட்சி தருகிறேன். இது பாசல் மாதிரி இனிப்பான கதை இல்லை.

அமெரிக்காவின் டெட்ராய்ட். கார்த் தொழில் நொடித்து, ஜனங்கள் வெளியேறி, நகராட்சி கடனில் மூழ்கிக்கொண்டிருந்த காலம். 2012-இல் அங்குள்ள கலை அருங்காட்சியகம் சுற்றியுள்ள மூன்று மாவட்ட மக்களிடம் போய் நின்றது. 'பத்து வருடத்துக்குச் சொத்து வரியில் ஒரு சிறு தொகை கூட்டிக் கொடுங்கள். கொடுக்கும் மாவட்டத்தாருக்கு நுழைவு இலவசம்.' ஒன்றரை லட்சம் டாலர் வீட்டுக்கு வருடத்துக்குச் சுமார் 15 டாலர். கஷ்டகாலத்தில் யார் தருவார்கள் என்று நினைப்போம். மூன்று மாவட்டமும் சம்மதித்தது.

அடுத்த வருடமே நகராட்சி திவால் ஆனது. கடன்காரர்களின் கண் அருங்காட்சியகத்தின்மேல் விழுந்தது, ஏனென்றால் ஓவியங்கள் நகராட்சிக்குச் சொந்தம். ஏல நிறுவனத்தைக் கூப்பிட்டு விலை போட்டார்கள். ஒரு பக்கம் வாழ்நாள் முழுக்க உழைத்த துப்புரவுத் தொழிலாளியின், தீயணைப்பு வீரரின் பென்ஷன். இன்னொரு பக்கம் சுவரில் ஓவியம். இதைவிடக் கூரான கேள்வி இருக்க முடியாது. கடைசியில் அறக்கட்டளைகளும் மாநில அரசும் நன்கொடையாளர்களும் சேர்ந்து 80 கோடி டாலருக்கு மேல் தருவதாகக் கையெழுத்திட்டார்கள். அந்தப் பணம் பென்ஷனுக்கு, பதிலுக்கு ஓவியங்கள் நகராட்சி கையிலிருந்து ஒரு தனி அறக்கட்டளைக்குப் போகும், யாரும் விற்க முடியாது. 2020-இல் அந்த வரியை இன்னும் பத்து வருடத்துக்கு நீட்டிக்க மறுபடி வாக்கு. மறுபடியும் சம்மதம்.

கணக்குப்பிள்ளை

இந்தக் கதை எனக்குத் தெரியும். தொழில்ரீதியாகப் படித்திருக்கிறேன். ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: அத்தனைக்கும் பிறகு பொது ஊழியர்களின் ஓய்வூதியத்தில் 4.5 சதவீதம் வெட்டு விழுந்தது, விலைவாசிக்கேற்ப ஏறும் தொகையும் போயிற்று. ஓவியத்தை விற்றிருந்தால் அது இன்னும் குறைந்திருக்குமா, கூடியிருக்குமா என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. அந்தப் பணம் முழுக்கப் பென்ஷனுக்குப் போயிருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை, மற்ற கடன்காரர்களும் வரிசையில் நின்றார்கள்.

ஆனாலும் அந்த 15 டாலர் விஷயத்தில் நான் தோற்றேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எனக்கு என்ன பிடித்தது என்று யோசித்துப் பார்த்தேன். தொகை எவ்வளவு என்று சொன்னார்கள். எத்தனை வருடம் என்று சொன்னார்கள். கொடுத்தவனுக்குக் கதவு திறந்தது. காலம் முடிந்ததும் திரும்ப வந்து கேட்டார்கள். தணிக்கைக்காரன் இதற்குமேல் என்ன எதிர்பார்க்க முடியும்? கலைக்கு வரிப்பணம் என்றதும் வெறுப்பு வருவதன் காரணம், இந்த நாலில் ஒன்றுகூட நடக்காமல் எங்கோ ஒரு பட்டியலில் பெயர் வருவதுதான்.

மழைத்துளி

டென்மார்க்கில் 1990-களில் ஓர் ஆய்வு செய்தார்கள். கோபன்ஹேகனில் இருக்கும் ராயல் தியேட்டருக்காக நீங்கள் வரியாக எவ்வளவு தரத் தயார் என்று நாடு முழுக்கக் கேட்டார்கள். அங்கே போகிறவர்கள் மிகச் சிலர். ஆனால் போகாதவர்களும் தரத் தயார் என்றார்கள். மொத்தம் கூட்டிப் பார்த்தால், அரசு உண்மையில் கொடுத்துக்கொண்டிருந்த மானியத்துக்குக் குறையவில்லை. நான் போகாவிட்டாலும் அது இருக்கட்டும், என் பிள்ளை போகலாம், நாடகம் அழியக்கூடாது என்ற நினைப்பு. தீயணைப்பு நிலையம் நம் வீட்டுக்கு வரவே வேண்டாம் என்று வேண்டிக்கொண்டே அதற்கு வரி கட்டுகிறோமே, அந்த மாதிரி.

அதனால் 'எத்தனை பேர் வந்தார்கள்' என்ற ஒரே எண்ணை வைத்துக் கலையை எடைபோடுவது போதாது.

யாருக்குக் கொடுப்பது என்பதுதான் எனக்கு இதைவிடப் பெரிய சிக்கல். கொடுக்கிற கை எழுதுகிற கையைப் பிடித்து இழுக்கும். மேலே தூரிகை சொன்ன அதே அமெரிக்கத் திட்டத்தின் நாடகப் பிரிவை, அரசியல் பிடிக்கவில்லை என்று 1939-இலேயே அந்த நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் இழுத்து மூடிவிட்டது. அங்கேயே 1965-இல் தொடங்கிய தேசியக் கலை நிதியை, இரண்டு புகைப்படக்காரர்களின் படங்களை வைத்து 1989-இல் எழுந்த சண்டை விடாமல் துரத்தியது. 1996-இல் அதன் தொகை 16 கோடியே சொச்சம் டாலரிலிருந்து 10 கோடிக்கும் கீழே போனது. அயர்லாந்து 2022-இல் வேறொரு வழி பார்த்தது. தகுதியான கலைஞர்களில் 2,000 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்து, வாரம் 325 யூரோ, மூன்று ஆண்டு. என்ன படைக்கிறாய் என்று கேட்கவே இல்லை. அரசாங்கத்துக்குப் பிடித்தவர், பிடிக்காதவர் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது.

கணக்குப்பிள்ளை

குலுக்கலா? என்ன செய்தார் என்று கேட்காமல் பொதுப்பணமா? என்னால் ஜீரணிக்க முடியவில்லை, மன்னிக்கவும். ஜெர்மனியில் 1983-லிருந்து இருக்கும் ஏற்பாடு என் மனதுக்கு ஒத்துவருகிறது. தனியாகத் தொழில் செய்யும் கலைஞர் தன் காப்பீட்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதி கட்டுகிறார். மறுபாதியை அவர் படைப்பைப் பயன்படுத்தும் பதிப்பகங்களும் அரங்குகளும் அரசும் சேர்ந்து கட்டுகின்றன. வேலை செய்கிறவருக்கு முதுமையில் கஞ்சி. இதில் யாருக்கு என்ன ஆட்சேபம்?

ஒளிக்காரன்

ஐயா சொல்ற ஜெர்மனி முறை நல்லாருக்கு. பிரான்ஸ்ல லைட்மேனுக்கும் உண்டாம். வருஷத்துல 507 மணி நேரம் வேலை செஞ்சதாக் காட்டினா, வேலை இல்லாத நாளுக்கு உதவித்தொகை. படிச்சப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. மேடைக்குப் பின்னாடி இருட்டுல நிக்கிறவனோட மணி நேரத்தைக்கூட எண்ணியிருக்காங்களே.

எங்க நிலைமை என்னன்னா, மானியம் வந்த அந்த வருஷம், முதல்ல நீங்க செலவு பண்ணுங்க, ரசீது குடுங்க, அப்புறம் தர்றோம்னாங்க. கைக்காசு இல்லாதவனுக்கு இது எப்படி முடியும்? குழுவுல ரெண்டு பேர் நகையை வச்சுதான் ஹாலுக்கு அட்வான்ஸ் குடுத்தோம். நாடகம் முடிஞ்சு எட்டு மாசம் கழிச்சுப் பணம் வந்துச்சு. அதுவும் ரசீது சரியில்லைன்னு ஒரு பகுதியைப் பிடிச்சுக்கிட்டு. அடுத்த வருஷம் விண்ணப்பமே போடலை.

வகுப்பறை

ஒளிக்காரன் தம்பி, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பணம் ஒதுக்கியதாகக் கணக்கில் இருக்கும், கொடுத்ததாகவும் இருக்கும். அந்த நகை எந்தக் கணக்கிலும் இருக்காது.

கணக்குப்பிள்ளை

ஒளிக்காரன், அந்தப் பிடித்த தொகை எதற்கு என்று சொல்ல முடியுமா? என்ன ரசீது இல்லை என்றார்கள்?

ஒளிக்காரன்

ஒத்திகைக்கு வந்தவங்களுக்குக் குடுத்த பஸ் காசு, சாப்பாடு. யாருகிட்ட ரசீது வாங்குறது ஐயா? அப்புறம் நாங்க சும்மா உழைச்ச நாளை எந்தத் தலைப்புல எழுதுறதுன்னு தெரியாம விட்டுட்டோம். செட்டு ஆணி அடிச்சது, துணி தைச்சது எல்லாம் நாங்களேதான்.

கணக்குப்பிள்ளை

அதை விட்டிருக்கவே கூடாது. அடுத்த முறைக்கு இப்படிச் செய்யுங்கள். ஒரு சாதாரண நோட்டு போதும். ஒவ்வொரு ஒத்திகைக்கும் தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வந்தவர் பெயர், கையெழுத்து. பஸ் காசு கொடுத்தால் அதே வரியில் தொகையை எழுதி அவர் கையெழுத்தையே வாங்குங்கள், அது கொடுப்புச் சீட்டாக நிற்கும். சம்பளமில்லாமல் உழைத்த மணி நேரத்தைத் தனியாகக் கூட்டி, 'குழுவின் உழைப்புப் பங்களிப்பு' என்று விண்ணப்பத்தில் உங்கள் பங்காகக் காட்டுங்கள். பல இடங்களில் அதை ஏற்பார்கள். முன்பணம் கேட்டு ஒரு தனிக் கடிதம் வையுங்கள், மொத்தத்தில் பாதியாவது.

விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். கட்டணம் எதுவும் வேண்டாம்.

ஒளிக்காரன்

அனுப்புறேன் ஐயா. நோட்டு இன்னைக்கே வாங்கிடுறேன். வியாழக்கிழமை ஒத்திகை இருக்கு.